கரை எவர்க்கு உரியது?

மனிதனுக்கு இருக்க இடம் வேண்டும். மழைக்கு ஒதுங்கவும், வெயிலுக்கு நிழல் பெறவும், குடும்பத்தோடு உண்டு உறங்கவும் ஒரு கூரை வேண்டும். இத்தேவை இயற்கையானது, இதில் குற்றம் காண்பார் எவருமிலர். ஆனால் இருப்பதற்கு இடம் வேண்டும் என்பது ஒன்று. இருக்கும் இடம் எனக்கே உரியதாக வேண்டும் என்பது வேறொன்று. முன்னது தேவை, பின்னது உடைமை. இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். அவை ஒன்றல்ல என்பதையும், ஒன்றாகக் கொண்டதனால் விளைந்த துன்பம் எத்தகையது என்பதையும் தெளிவாகக் காட்டும் ஓர் இடத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் கரையில், பழைய கப்பல்துறைகள் இருந்த இடத்தில் புதிதாக எழுந்த குடியிருப்புப் பகுதியே அது.

அவ்விடம் நமக்கு முற்றிலும் தொடர்பற்றதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிகக் கப்பல்களுக்கென 1806ஆம் ஆண்டு அங்கே ஒரு துறை திறக்கப்பட்டது. நம் நாட்டு மிளகும் அவுரியும் துணியும் அக்கரையில் இறங்கின. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1802இல், மேற்கிந்தியத் துறை திறக்கப்பட்டிருந்தது. அங்கு வந்திறங்கியவை சர்க்கரையும் ரம் மதுவும். அச்சர்க்கரை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அத்துறை அமையப் பெரிதும் முயன்ற இராபர்ட் மில்லிகன் என்னும் வணிகர், ஜமைக்காவில் தோட்டங்களும் அடிமைகளும் உடையவர். துறையருகே நெடுங்காலம் நின்ற அவருடைய சிலை 2020 சூன் மாதத்தில் அகற்றப்பட்டது. சர்க்கரை மூட்டைகள் அடுக்கப்பட்ட பண்டகசாலைகளில் எஞ்சியவை இன்று அருங்காட்சியகமாகவும், உணவகங்களாகவும், குடியிருப்புகளாகவும் விளங்குகின்றன. அச்சுவர்களுக்குள் இன்று வாழ்பவர் எவரும் அக்கொடுமையைச் செய்தவரல்லர். ஆயினும், ஓர் இடத்தின் மதிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டால், அந்தக் கண்ணீரையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

துறைகளில் மூட்டை தூக்கியவர்களின் வாழ்வும் எளிதாக இருக்கவில்லை. நாள்தோறும் காலையில் துறை வாயிலில் கூட்டமாக நிற்பார்கள்; மேற்பார்வையாளர் கை காட்டியவர்க்கு அன்று வேலையுண்டு, மற்றவர் வெறுங்கையோடு திரும்புவர். மணிக்கு ஆறு பென்னி கூலி வேண்டுமென்று 1889இல் அவர்கள் செய்த வேலைநிறுத்தம் தொழிலாளர் வரலாற்றில் புகழ்பெற்றது. 1940 செப்டம்பரில் செருமானிய விமானங்கள் குண்டுமழை பொழிந்தபோது முதலில் எரிந்தவற்றுள் இத்துறைகளும் அவற்றைச் சூழ்ந்த தொழிலாளர் தெருக்களும் அடங்கும். எரிந்த தெருக்களிலேயே மீண்டும் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவ்வீடுகளில் மிகப் பெரும்பாலானவை உள்ளாட்சி மன்றங்கள் கட்டி வாடகைக்கு விட்டவை. சொந்த வீடு என்பது அங்கே அரிது. ஆனால், ‘இது எங்கள் ஊர்’ என்று சொல்லாதவர் அதனினும் அரியர்.

பின்னர்ப் பெரும் பெட்டகங்களில் சரக்கை அடைத்து அனுப்பும் முறை வந்தது. அப்பெட்டகங்களைச் சுமக்கும் கப்பல்கள் பழைய துறைகளுக்குள் நுழைய இயலாத அளவு பெரியவை. வாணிகம் ஆற்றின் கீழ்முகமாக டில்பரி என்னும் இடத்திற்குச் சென்றது. 1967இல் ஒரு துறை மூடப்பட்டது. அடுத்தடுத்துப் பிறவும் மூடப்பட்டன. 1981இல் கடைசிப் பெருந்துறைகளும் மூடின. அவ்வாண்டிலேயே, அங்கே மறுசீரமைப்பு செய்வதற்கென அரசு தனியே ஒரு வாரியத்தை அமைத்தது. ஏறத்தாழ 22 சதுர கிலோமீட்டர் பரப்பு அதன் பொறுப்பில் வந்தது. கட்டட அனுமதி வழங்கும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றங்களிடமிருந்து எடுக்கப்பட்டு அவ்வாரியத்திடம் கொடுக்கப்பட்டது. 1982இல் அத்துறைகளின் நடுப்பகுதி, தொழில் நிறுவனங்கள் பத்தாண்டுக் காலம் உள்ளூர் வரி செலுத்தத் தேவையில்லாத சலுகை வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 1987இல் இலகு இரயில் ஓடத் தொடங்கியது. 1991இல் கேனரி வார்ஃப் என்னுமிடத்தில், அன்று அந்நாட்டிலேயே உயரமான கோபுரம் எழுந்து நின்றது. மறு ஆண்டே அதைக் கட்டிய நிறுவனம் கடனில் மூழ்கியது; கோபுரம் நின்றது, கட்டியவர் நிலை குலைந்தனர். 1999இல் சுரங்க இரயிலும் அங்கு வந்து சேர்ந்தது.

இம்மாற்றத்தில் நன்மை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. பாழ்பட்டுக் கிடந்த நீர்நிலைகளும் இடிந்த கொட்டகைகளும் மீண்டும் மனிதர் வாழும் இடமாயின. 1981இல் சுமார் 39,000 பேர் வாழ்ந்த அப்பகுதியில், வாரியம் தன் பணியை முடித்த 1998இல் 80,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். ஆனால், எவர்க்காகக் கட்டப்பட்டது என்ற வினா உடன் எழுந்தது. ஆற்றைப் பார்க்கும் சாளரம் உள்ள வீட்டுக்கு ஒரு விலை. அதே கட்டடத்தில் தெருவைப் பார்க்கும் வீட்டுக்கு வேறு விலை. துறையில் மூட்டை சுமந்தவனின் மகனால் அவ்விரண்டையும் வாங்க இயலவில்லை. தன் தந்தை நாள்தோறும் பார்த்த ஆற்றை அவன் இப்போது கட்டடங்களின் இடுக்கு வழியாகப் பார்த்தான்.

இங்குதான் நம் ஆய்வு தொடங்குகிறது. இக்கரை எவர்க்கு உரியது? மூன்று வகையினர் உரிமை கோருகின்றனர். ‘பத்திரம் என் பெயரில் உள்ளது, ஆகவே எனக்கு உரியது’ என்கிறார் உடைமையாளர். ‘திங்கள்தோறும் வாடகை கொடுத்து வாழ்கிறேன், எனக்கும் பங்குண்டு’ என்கிறார் குடியிருப்பவர். ‘எங்கள் பாட்டன் காலந்தொட்டு நாங்கள் இங்கே இருந்தோம், எங்களுக்கே உரியது’ என்கிறார் பழங்குடியினர். இம்மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்போம்.

உடைமையாளரின் கூற்றை முதலில் கொள்வோம். அவர் தம் பொருளை முதலீடு செய்தார், இழப்புக்கும் துணிந்தார், அதன் பயனை அவர் பெறுவது முறையே. இதை மறுக்க நாம் முற்படவில்லை. ஆனால் அவர் பெறும் பயன் முழுவதும் அவருடைய முயற்சியால் வந்ததா? செங்கல்லும் சுண்ணாம்பும் அவர் செலவு. ஆற்றை அவர் வெட்டவில்லை. இரயில் பாதைகளில் பெரும்பகுதி பொதுமக்களின் வரிப்பணத்தில் போடப்பட்டது. வரிச்சலுகையால் இழந்த வருவாயும் பொதுமக்களுடையதே. ஊர் வளர வளர நிலத்தின் விலை ஏறுவது நிலம் வைத்திருப்பவரின் உழைப்பால் அன்று, அங்கே கூடி வாழும் எல்லோருடைய இருப்பாலும் ஆகும் என்று அமெரிக்க அறிஞர் ஹென்றி ஜார்ஜ் 1879இல் வெளிவந்த தம் நூலில் வாதித்தார். அவர் கூறிய தீர்வை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அவர் சுட்டிய உண்மையை மறுப்பது கடினம். பலர் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பை ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்வது சட்டத்திற்கு ஒத்ததாகலாம்; அறத்திற்கு அது முழுதும் ஒத்ததாகுமா?

மேலும், அங்கே ‘உடைமையாளர்’ என்ற சொல்லே ஐயத்திற்கு இடமானது. இங்கிலாந்தில் அடுக்ககத்தில் வீடு வாங்குபவர் பெரும்பாலும் நிலத்தை வாங்குவதில்லை. 99 ஆண்டு, 125 ஆண்டு, 999 ஆண்டு என்று நெடுங்குத்தகை பெறுகிறார். குத்தகை முடிந்தால் வீடு நிலவுடைமையாளரைச் சேரும். இடைப்பட்ட காலத்தில் பராமரிப்புச் செலவு குத்தகைதாரரைச் சாரும். 2017 சூன் மாதம் மேற்கு இலண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் தீக்கிரையாகி 72 பேர் மாண்டபின், பல அடுக்ககங்களின் வெளிச்சுவர்கள் எளிதில் தீப்பற்றும் பொருளால் போர்த்தப்பட்டிருந்தது தெரியவந்தது. துறைப்பகுதியைச் சேர்ந்த பிளாக்வாலிலும் 2021 மே மாதம் அத்தகைய ஓர் அடுக்ககம் தீப்பற்றியது. சுவரை மாற்றும் செலவு எவருடையது? சுவரைத் தேர்ந்தெடுக்காத, கட்டாத, விரும்பியபடி மாற்றவும் உரிமையில்லாத குத்தகைதாரர்களிடம் பெருந்தொகை கேட்கப்பட்டது. 2022இல் இயற்றிய கட்டடப் பாதுகாப்புச் சட்டம் பலருக்கு ஓரளவு காப்பளித்தது. ஆயினும் அவர்கள் கற்ற பாடம் பெரிது: உரிமை என்று வரும்போது தாம் குடியிருப்பவர், செலவு என்று வரும்போது மட்டும் தாம் உடைமையாளர். ‘என் வீடு’ என்று சொல்லி மகிழ்ந்தவர் அனைவரும் ஒரு வகையில் வாடகைக்கே இருந்தனர்.

இனி, வாடகைக்கு இருப்பவரின் நிலையைக் காண்போம். 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அந்நாட்டில் குறுகிய கால வாடகை ஒப்பந்தத்திற்கு வழி வகுத்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும், காரணம் எதுவும் கூறாமலே, இரண்டு திங்கள் அறிவிப்பு கொடுத்துக் குடியிருப்பவரை வெளியேறச் சொல்ல அச்சட்டம் இடமளித்தது. இம்முறையை நீக்குவதற்கான சட்டம் 2025இல்தான் இயற்றப்பட்டது. இடைப்பட்ட ஒரு தலைமுறைக் காலத்தில் அக்கரையில் வாடகைக்கு வாழ்ந்தவர்களின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்? சுவரில் ஆணி அடிக்கக் கேட்கவேண்டும். பால்கனியில் செடி வைக்கலாமா என்று தயங்கவேண்டும். குழந்தையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் அடுத்த ஆண்டும் அங்கே படிக்குமா என்று உறுதியில்லை. ஈரம் கசிகிறது என்று முறையிட்டால் வெளியேறச் சொல்வார்களோ என்று அஞ்சி ஈரத்திலேயே இருக்கவேண்டும். அண்டை வீட்டாரின் பெயரைக் கேட்டு என்ன பயன்? அவரும் போய்விடுவார், நாமும் போய்விடுவோம்.

பணம் செலவாவது மட்டும் இதன் துன்பமன்று. நாளையை எண்ணிப் பார்க்கும் ஆற்றலே குறைந்துவிடுகிறது. நாளை இல்லாதவனுக்குப் பொறுப்பும் இல்லை. தெரு அழுக்காயிருந்தால் அவனுக்கென்ன? ஊர்க்கூட்டம் நடந்தால் அவனுக்கென்ன? இவ்வாறு பொறுப்பற்ற மனிதர்களை உண்டாக்கிவிட்டு, பின்னர் ‘வாடகைக்கு இருப்போர் ஊர் மேல் அக்கறையற்றவர்’ என்று பழிப்பது எத்துணை முரண்!

மூன்றாவதாகப் பழங்குடியினரின் கோரிக்கை. இது நம் உள்ளத்தை எளிதில் தொடும். பாட்டன் உழைத்த இடம், தந்தை பிறந்த தெரு என்றால் எவர்க்கும் இரக்கம் பிறக்கும். ஆனால் இதிலும் ஒரு தீங்கு மறைந்துள்ளது. 1993 செப்டம்பரில், இத்துறைப்பகுதியின் மில்வால் வட்டாரத்தில் நடந்த உள்ளாட்சி இடைத்தேர்தலில், நிறவெறி பேசும் ஒரு கட்சியின் வேட்பாளர் வெற்றி பெற்றார். வீடு கிடைக்காத மக்களின் கசப்பே அவர்க்கு ஏணியாயிற்று. ‘எங்கள் வீடுகள் எங்களுக்கே’ என்ற குரல், வானளாவிய கோபுரம் கட்டியவரை நோக்கி எழவில்லை. தம்மைப் போலவே ஏழைகளாய், வங்கதேசத்திலிருந்து குடியேறி வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்களை நோக்கி எழுந்தது. மறு ஆண்டு மே மாதத் தேர்தலில் அவ்வேட்பாளர் தோற்றார் என்பது அவ்வூர் மக்களின் நல்லுணர்வுக்குச் சான்று. ஆயினும் நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பத்திரம் வைத்திருப்பவன் மட்டுமே ‘எனது’ என்று பற்றுவதில்லை. எதுவும் இல்லாதவனும் பற்றுகிறான். முன்னவன் பணத்தால் பிறரை விலக்குகிறான். பின்னவன் பிறப்பால் விலக்குகிறான். விலக்கப்பட்டவன் வாயிலில் நிற்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அப்படியாயின் உரிமை எதில் பிறக்கிறது? பத்திரத்தில் மட்டுமன்று, பணத்தில் மட்டுமன்று, பிறப்பில் மட்டுமன்று. ஓர் இடத்தில் வாழ்ந்து, அவ்விடத்தைப் பேணுவதில் பிறக்கிறது என்பதே நம் முடிவு. வாழ்பவன் பேணவேண்டுமாயின் அவனுக்கு உறுதி வேண்டும். காரணமின்றி வெளியேற்றப்படமாட்டான் என்ற நம்பிக்கை வேண்டும். உடைமையாளனுக்கு வேண்டுவதோ வேறு: தான் நிலைத்தவனல்லன், இந்நிலம் தன்னோடு வரப்போவதில்லை, தனக்கு முன்னும் பின்னும் இதற்கு ஆட்கள் உண்டு என்ற அடக்கம். குடியிருப்பவனுக்கு உடைமையாளனின் உறுதியும், உடைமையாளனுக்குக் குடியிருப்பவனின் அடக்கமும் அமைந்துவிட்டால் இச்சிக்கலில் பாதி தீரும்.

இது வெறுங்கனவன்று. அதே தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், வாட்டர்லூ பாலத்திற்கும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்திற்கும் இடையே, காயின் ஸ்ட்ரீட் என்னும் பகுதி உள்ளது. அங்கும் அலுவலகங்களும் விடுதியும் கட்டத் திட்டங்கள் வந்தன. அப்பகுதி மக்கள் 1977 முதல் ஒன்றுகூடி எதிர்த்தனர். பொது விசாரணைகளில் வாதாடினர். இறுதியில் 1984இல், மக்கள் அமைத்த இலாபநோக்கற்ற நிறுவனம் ஏறத்தாழ 13 ஏக்கர் நிலத்தை அன்றைய மாநகராட்சியிடமிருந்து 7,50,000 பவுண்டுக்கு வாங்கியது. நிலத்தைப் பயன்படுத்துவதில் மாநகராட்சி நிபந்தனைகள் விதித்தமையால் விலை அவ்வளவாகக் குறைந்தது. அங்கே 1988 முதல் 2001 வரை நான்கு கூட்டுறவுக் குடியிருப்புகள் எழுந்தன; மொத்தம் சுமார் 220 வீடுகள். குடியிருப்போர் அனைவரும் சங்க உறுப்பினர், வாடகை செலுத்துகின்றனர், தம் கட்டடத்தைத் தாமே கூடி நிர்வகிக்கின்றனர். வீட்டைத் தனியே விலைக்கு வாங்கவோ, விற்று இலாபம் பார்க்கவோ எவர்க்கும் உரிமையில்லை. விட்டுச் செல்பவர் வெறுங்கையோடு செல்கிறார். அடுத்து வருபவர் அதே அளவான வாடகையில் குடிபுகுகிறார். கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விட்ட இடங்களின் வருவாய் பொதுப்பணிக்குத் துணையாகிறது. ஆற்றோரத்தில் நடைபாதையும் பூங்காவும் உள்ளன. அவற்றில் நடக்க எவரும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

220 வீடுகள் ஒரு மாநகரின் தேவைக்குக் கடுகளவே என்று சொல்வோர் உண்டு. உண்மைதான். காத்திருப்போர் பலர், இடம் பெற்றோர் சிலர். அவ்விடத்திலும் மனத்தாங்கல்கள் இருக்கலாம். மனிதர் வாழும் இடமெங்கும் அவை உண்டு. நாம் எடுத்துக்காட்டுவது அளவை அன்று, நெறியை. உடைமையின்றியும் உறுதியாக வாழலாம், விற்க இயலாத வீட்டையும் அன்போடு பேணலாம் என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர்.

இந்நெறி நமக்குப் புதிதன்று. இல்லறத்தார்க்கு வகுத்த அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று என்பதை நாம் அறிவோம். எல்லை வகுத்துக்கொள்ள வேண்டிய பொருள்களை எண்ணும்போது நிலமும் வீடும் முதலில் வைக்கப்பட்டுள்ளன. பொன்னும் தானியமும் அவற்றிற்குப் பின்னரே வருகின்றன. ஏன்? பொன்னைப் பேழையில் பூட்டுபவன் பிறனுடைய வழியை அடைப்பதில்லை. நிலத்தை வேலியிடுபவனோ பிறர் நிற்கும் இடத்தையே எடுத்துக்கொள்கிறான். துறவியை ‘அனகாரர்’, அதாவது வீடற்றவர், என்று அழைக்கும் நம் மரபு, இல்லறத்தானை வீடின்றி இரு என்று கூறவில்லை. அளவோடு இரு என்றே கூறுகிறது.

நம்மில் வீட்டை வாடகைக்கு விடுவோர் உளர். வாடகைக்கு இருப்போரும் உளர். இருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உண்டு. வாடகையை உயர்த்துமுன், அவ்வுயர்வுக்கு நாம் என்ன செய்தோம், ஊர் வளர்ந்ததைத் தவிர வேறு காரணம் உண்டா என்று எண்ணிப் பார்க்கிறோமா? காலி செய்யச் சொல்லுமுன், அவ்வீட்டுப் பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று பொறுக்கிறோமா? முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கையில், நியாயமான கழிவுக்கு மேல் ஒரு காசேனும் பிடித்துக்கொள்கிறோமா? அவ்வாறே, வாடகைக்கு இருப்போர் அவ்வீட்டின் குழாயும் கதவும் தம்முடையவை போலப் பேணுகிறார்களா? உடைமையாளர்க்கு உண்மையான தேவை வரும்போது, நெடுநாள் இருந்ததையே உரிமையாகக் காட்டிப் பிடிவாதம் செய்யாமல் விலகுகிறார்களா? இவை எந்த நீதிமன்றமும் கேளாத வினாக்கள். ஆயினும் ஒரு குடும்பம் நிம்மதியாக உறங்குவதும் உறங்காததும் இவற்றின் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

தேம்ஸ் கரையில் வாப்பிங் என்னுமிடத்தில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய சந்து ஒன்று ஆற்றுக்கு இறங்குகிறது. அதன் முடிவில் பழங்காலப் படித்துறை உள்ளது. இருபுறமும் உள்ள வீடுகள் பெருவிலை பெறுவன; படித்துறைக்கு விலை இல்லை. நீர் வற்றும் வேளையில் எவரும் அதில் இறங்கலாம். படகோட்டிகளும் மாலுமிகளும் இறங்கிய படிகள் அவை. நம் ஊர்களிலும் படித்துறைக்குப் பட்டா கேட்டவர் இலர். பாசி படிந்தால் சுரண்டியவர் உண்டு, கல் பெயர்ந்தால் பதித்தவர் உண்டு. தமக்குரியது என்பதால் அவர்கள் அதைச் செய்யவில்லை. நாளை வேறொருவர் கால் வைக்கும் இடம் என்பதால் செய்தார்கள். பேணுதல் வேறு, பற்றுதல் வேறு என்பதை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

தமிழில் ‘வீடு’ என்ற சொல் குடியிருக்கும் மனையையும் குறிக்கும், எல்லாப் பற்றும் நீங்கிய பேற்றையும் குறிக்கும். முதல் வீட்டை இறுகப் பற்றுபவனுக்கு இரண்டாம் வீடு எட்டாது என்று சான்றோர் கூறுவர். அத்துணைத் தொலைவு நோக்காவிடினும், இவ்வுலக வாழ்விலேயே நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நாம் இருக்கும் வீடு நமக்குப்பின் எவர்க்கோ உரியது என்பதை மறவாமல் அதில் வாழ்வோம். நம்மிடம் வீடு கேட்டு வருபவர்க்கும் நாளை என்று ஒன்று உண்டு என்பதை மறவாமல் அதைக் கொடுப்போம்.